பிரிந்த பின் வாங்கிய வீடு

என் நாத்தனார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று பெயர். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், "அந்த அக்கா இருக்காங்களா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். அவள் செய்வது ஒன்றுதான், பேசிக்கொண்டே இருப்பாள். ஸ்கூல்ல உன் பக்கத்துல யாரு உட்காருவா, அவ நல்லவளா கிள்ளுவாளா என்று கேட்பாள். அந்தப் பிள்ளை யோசித்துப் பதில் சொல்வதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டிருப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவரோ, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர். ஏ.சி., ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் சின்னக் கடை வைத்திருந்தார். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. கடையிலிருந்து வருவார், சாப்பிடுவார், தட்டைத் தானே கழுவிக் கவிழ்ப்பார், போய்ப் படுத்துக்கொள்வார். இவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வார். "ம்" என்பார். சில நாள் அந்த "ம்" கூட வராது.

கல்யாணமாகி நான்காவது வருஷம், இரண்டு பேர் பெயரிலும் கடன் போட்டு, மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று வாங்கினார்கள். சொந்த வீடு வந்தால் மனுஷர் மனம்விட்டுப் பேசுவார் என்று அவள் நம்பினாள். புது வீட்டில் எதிரொலிதான் அதிகமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு சூட்கேஸோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அந்த வீட்ல என் குரல் மட்டும்தான் கேட்குது அண்ணி. எனக்கே அலுத்துப்போச்சு."

நான் ஒரு சூட்கேஸை வாங்கி எங்கள் பெண்ணின் அறையில் வைத்தேன். என் கணவருக்குத்தான் தங்கை என்றால் உயிர். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நேராப் போய் மாப்பிள்ளைகிட்ட நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

"கேளு அண்ணா. ஒண்ணுக்குக் கூடப் பதில் வராது. அதுதானே பிரச்சனையே" என்றாள் அவள்.

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளைக்கும் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. கடைக்கு மேலே இருந்த அறைக்கே ஜாகையை மாற்றிக்கொண்டார். வீடு பூட்டிக் கிடந்தது. வங்கிக்குத் தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. விற்றுவிடலாம் என்று விசாரித்தால், கடனை அடைக்கிற அளவுக்குக்கூட யாரும் விலை கேட்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் வாடகைக்கு விட முடிவு செய்தார்கள். ஆசைப்பட்டு அதில் இறங்கவில்லை.

அப்போது இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. அவள் சொல்வதை அவரிடம் சொல்வேன். அவர் "ம்" என்றதை அவளிடம் வந்து சொல்வேன். புரோக்கர் மூன்று இளைஞர்களைக் கூட்டிவந்தார். ஒரே ஆபீசில் வேலை, நல்ல பேச்சு. புரோக்கர் விரல் வைத்த இடத்திலெல்லாம் இவள் ஒரு நாள் போய்க் கையெழுத்துப் போட்டாள், அவர் இன்னொரு நாள் போய்ப் போட்டார். வீட்டில் யார் யார் இருக்கப்போகிறார்கள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அவர் கேட்டிருப்பார் என்று இவள் நினைத்தாள். இவள் கேட்காமலா இருப்பாள் என்று அவர் நினைத்தார்.

சில மாதம் கழித்துக் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் இரண்டு பேருக்கும் போன் செய்து கத்தினார். தண்ணீர்த் தொட்டி காலையிலேயே காலியாகிவிடுகிறதாம். உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பேர்தான் இருக்கிறார்கள் என்றாராம்.

அவள் தனியாகப் போகமாட்டேன் என்றதால் நானும் போனேன். மூன்றாவது மாடிப் படி முடிகிற இடத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பிரிந்த பிறகு அன்றுதான் அவர்கள் முகத்தோடு முகம் பார்த்தார்கள். நல்லா இருக்கியா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கதவுக்கு வெளியே குவிந்து கிடந்த செருப்பு, ஷூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்புக் கடையில்கூட அத்தனை ஜோடி வெளியே வைக்கமாட்டார்கள்.

நாங்கள் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்த ஒருவன் எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"யாரு வேணும்?"

"இல்ல, நாங்க இந்த வீட்டு..." என்று இவள் தடுமாறினாள். ஊரெல்லாம் பேசுகிறவளுக்கு அன்று வார்த்தை வரவில்லை.

பின்னாலிருந்து அவர் சொன்னார். "வீட்டுக்காரங்க."

அவன் உள்ளே திரும்பிக் கத்தினான். "டேய், எந்திரிங்கடா! வீட்டுக்காரரும் வீட்டம்மாவும் வந்திருக்காங்க!"

நம் பேச்சில் அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை. வீட்டுக்குச் சொந்தக்காரரும் வீட்டுக்காரர்தான், கட்டின புருஷனும் வீட்டுக்காரர்தான். அதில் ஒரு வேலை அவர் கையைவிட்டுப் போய்விட்டிருந்தது. என் நாத்தனாரின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

உள்ளே எண்ணினால் ஒன்பது பேர். கூடத்தின் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். ஆனால் சமையலறை பளிச்சென்று இருந்தது. முறை வைத்துத் துலக்குகிறார்களாம். சண்டை போடத் தயாராக வந்தவள், சுவரோரம் போர்த்திக்கொண்டு கிடந்த ஒருவனைப் பார்த்ததும் நேராகப் போய் நெற்றியில் கை வைத்தாள்.

"எத்தனை நாளா காய்ச்சல்? நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட லேப்புக்கு வா. நானே ரத்தம் எடுக்கறேன்."

அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது? அவர்தான் பேசினார். "மூணு பேர்னுதான் பேச்சு. மத்தவங்க வேற இடம் பாருங்க. உடனே போங்கன்னு சொல்லல. ஆனா தொட்டி தாங்காது." அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பையன்கள் நல்ல பையன்கள்தான். வேறு பெரிய வீடாகப் பார்த்துக்கொண்டு ஒன்பது பேருமே ஒன்றாகப் போனார்கள். காய்ச்சல்காரன் தேறிய பிறகு லேப்புக்கே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

காலியான வீட்டைச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். நான் மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். படியேறும்போது ஓர் ஆண் குரல் விடாமல் பேசுவது கேட்டது. பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தேன். உள்ளே போனால், சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் தலையை விட்டுக்கொண்டு மாப்பிள்ளை பேசுகிறார்!

"இந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அது நின்னாத்தான் கீழ இருக்கற நாத்தம் மேல வராது. இவங்க எண்ணெயா ஊத்தி அடைச்சு வெச்சிருக்காங்க. அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் எடுக்கறீங்களா?"

அவள் தரையில் பிரஷ்ஷோடு உட்கார்ந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். அவர் குழாயைப் பற்றி, சுவரைப் பற்றி, ஜன்னல் கொக்கியைப் பற்றிச் சாப்பிடும்போதும் பேசினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளை இடித்தாள். "கவனிச்சீங்களா அண்ணி? எடுக்கறீங்களாங்கறார். சேர்ந்து இருந்தப்ப வா, போ, எடு. பிரிஞ்சப்புறம்தான் எனக்கு மரியாதை கிடைச்சிருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு வெகுநேரம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை அவர்கள் ஏமாறவில்லை. குடிவர நினைப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரையும் நேரில் பார்த்தார்கள். அவர்கள் முன்பு குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரரோடு பேசினார்கள். ஒரு கம்பெனி, விருந்தினர் தங்க வீடு வேண்டும் என்று கூடுதல் வாடகை சொன்னது. ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் குறைவாகத்தான் சொன்னார்கள். அந்தப் பெண் வீட்டுக்குள் வந்ததும், "துணி காயப்போட வெயில் எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டாள். இங்கே வாழப்போவது போலக் கேட்கிறாள் என்று என் நாத்தனாருக்கு அவளைப் பிடித்துவிட்டது. ரொட்டிக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார். அதனால் மாப்பிள்ளைக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர்களுக்கே கொடுத்தார்கள். வருகிற வாடகையில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தனியாக ஒதுக்கினார்கள். போன் செய்து கேட்காமல் யாரும் அந்தப் படியேறக் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

மழைக்காலம் வந்தது. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் கசிந்து சின்னப் படுக்கையறைக் கூரை ஊறிவிட்டது. ரொட்டிக்காரர் மனைவிக்கு அப்போது மாதம் ஏறியிருந்தது. பிள்ளைக்கென்று வாங்கிய தொட்டிலைத் தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டு, பரவாயில்லை அக்கா, நாங்க சமாளிச்சுக்கறோம் என்றாளாம்.

இதைப் பேசத்தான் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே வந்தார். என் கணவருக்கு அவரை என்னவென்று கூப்பிடுவது என்றே தெரியவில்லை. "வாங்க மா..." என்று ஆரம்பித்து, "வாங்க சார்" என்று மாற்றி, அதுவும் நாக்கில் ஒட்டாமல், "உட்காருங்க தம்பி" என்று முடித்தார். அன்றிலிருந்து தம்பிதான்.

"ரூம் காயற வரைக்கும் வாடகையைக் குறைச்சுக்கலாம்" என்றார் தம்பி.

"அவங்க கேட்கவே இல்லையே? நாமளா எதுக்குக் குறைக்கணும்? தவணையை யாரு கட்டுவா?" என்றாள் என் நாத்தனார்.

"ரெண்டு ரூமுக்குப் பணம் வாங்கிட்டு ஒரு ரூம் குடுத்தா எப்படி? அது நியாயமா?"

"நியாயம் பேசற வாய் அப்ப எங்க போச்சு?"

என் கணவர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைக்கவும் தெரியாமல், குடிக்கவும் தெரியாமல் நின்றார். வாடகையைப் பற்றிய பேச்சு இல்லை இது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தம்பி தரையைப் பார்த்தார். வழக்கம்போல எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

"பயம்" என்றார். "நீங்க அழகாப் பேசுவீங்க. நான் ஏதாவது தப்பாச் சொல்லி, நீங்க மனசு கஷ்டப்பட்டுடுவீங்களோன்னு பயம். சொல்லாம இருந்தா தப்பே வராதுன்னு இருந்துட்டேன். குழாயைப் பத்தின்னா பயமில்ல. தப்பாச் சொன்னாலும் அது வருத்தப்படாது."

என் நாத்தனார் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"ஆமா" என்றார் அவர்.

பிறகு அவளே சொன்னாள். "சரி. பாதி குறைச்சுடலாம். ஆனா மேல்வீட்டுக்காரரை நான் பார்த்துக்கறேன்."

மேல்வீட்டுப் பெரியவர் லேசுப்பட்டவர் இல்லை. என் குளியலறையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று ஒரே பிடியாக நின்றவர். அவள் போய் அவருடைய முழங்கால் வலியை விசாரித்தாள். சர்க்கரை அளவைக் கேட்டாள். எந்த மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பிட வேண்டும் என்று சொன்னாள். இதற்குள் தம்பி அளவு நாடாவோடு குளியலறைக்குள் போய் வந்துவிட்டார். தரையைப் பெயர்த்துப் போட எப்போது சம்மதித்தோம் என்று அந்தப் பெரியவருக்கே தெரியாது. ஊசி குத்தியாகிவிட்டது. செலவை இரண்டு வீடுமாகப் பகிர்ந்துகொண்டார்கள். பிள்ளை பிறந்து வந்தபோது தொட்டில் காய்ந்த அறைக்குள் இருந்தது.

அதன் பிறகும் அவர்கள் சேர்ந்து வாழவில்லை. கதை கேட்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் சேர்ந்துவிட்டார்களா என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. மனம் ஒத்துப் பிரிவதாகச் சேர்ந்தே மனுப் போட்டு, முறைப்படி விலகிவிட்டார்கள். தீர்ப்பு வந்த அன்று நானும் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். வராந்தாவில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். ஏதாவது சொல்லிக்கொள்ளட்டும் என்று நான் தள்ளிப் போய், கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணி மோட்டார் சத்தம் போடுதாம்" என்றார் அவர்.

"பேரிங்கா?"

"பேரிங்தான். மாத்திடலாம்."

"சங்கத்துல பேசிட்டு மாத்துங்க."

அவ்வளவுதான். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அவள் அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மோட்டாருக்காக அழல அண்ணி" என்றாள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

அதற்குள் வீட்டு விலை ஏறியிருந்தது. என் கணவர் ஓடியாடி ஒரு ஆளைப் பிடித்துவந்தார். விற்றுப் பிரித்துக்கொண்டு அவரவர் வழியைப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். இரண்டு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். தவணையில் பெரும்பகுதியை வாடகையே கட்டிக்கொள்கிறது, ரொட்டிக்காரர் குடும்பம் வேர்பிடித்துவிட்டது, நல்லா இருக்கிறதை எதற்குக் கலைக்க வேண்டும் என்றார்கள். என் கணவருக்குத் தலை சுற்றியது. "சேர்ந்து இருக்கவும் மாட்டேங்கறாங்க, பிரிஞ்சு போகவும் மாட்டேங்கறாங்க" என்று என்னிடம் புலம்பினார்.

அவர் புலம்பி முடிப்பதற்குள் இரண்டாவது வீடு வந்துவிட்டது. வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கும் வேலையில் என் நாத்தனார் அதைக் கண்டுபிடித்தாள். தரைத்தளம், ஒரே படுக்கையறை. சொந்தக்காரர் மகளோடு போய் இருக்கப்போவதால் விற்க நினைத்தார். பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே இருட்டு என்று திரும்பிப் போய்விட்டார்களாம். தம்பி வந்து ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்த்தார். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுப் பார்த்தார். பிறகு வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

"வீட்ல ஒண்ணுமில்ல. மரக்கிளை ஜன்னலை மறைக்குது. வெட்டினா வெளிச்சம் வந்துடும்."

வங்கியில் கடன் அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?"

"சேர்ந்து வீடு வாடகைக்கு விடறோம்" என்றார் தம்பி.

"அது தொழில் சார். நான் உறவைக் கேட்கறேன்."

"உறவு முன்னாடி இருந்துச்சு, இப்ப இல்ல. தொழில் நல்லாப் போகுது" என்றாள் என் நாத்தனார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டாராம். கடன் கிடைத்தது.

கிளையை வெட்டி, வெள்ளையடித்து முடித்த பிறகு அந்த வீட்டைப் பார்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். காலை வெயில் படுக்கையறைத் தரை முழுக்க விழுந்தது. குடிவர ஆட்களும் கேட்டு வந்தார்கள். ஆனால் என் நாத்தனார் ஒவ்வொருவராகத் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். இவருக்கு மூஞ்சி சரியில்லை, அவருக்குக் குரல் சரியில்லை. கடைசியில் தம்பியே கேட்டுவிட்டார்.

"உங்களுக்கு யார் வந்தாத்தான் பிடிக்கும்?"

"நான் வரட்டுமா?" என்றாள். "வாடகைக்குத்தான்."

எங்களிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம்தான் சொல்லியிருக்கிறாள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எங்கள் பெண்ணோடு ஒரே அறையில் அத்தனை வருஷம் இருந்தவள். அவள் துணி இல்லாத அலமாரியைப் பார்க்க எனக்குப் பல நாள் மனசு வரவில்லை. ஆனால் குடிபோன அன்று அவள் முகத்தைப் பார்த்த பிறகு போகட்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பேசவே இல்லை. பேசாமல் இருப்பது அவளுக்கு முதல் தடவையாக நன்றாக இருந்தது போல.

மற்றவர்களுக்கு என்ன சட்டமோ அதுதான் அவளுக்கும். ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் அவர்கள் இருவரும் சொந்தக்காரர்களாகக் கையெழுத்துப் போட்டார்கள். இன்னொரு பக்கம் இவள் மட்டும் குடித்தனக்காரியாகக் கையெழுத்துப் போட்டாள். அவருடைய பாதி வாடகையை மாதம் பிறந்ததும் அனுப்பிவிடுவாள். குழாய் ஒழுகினால் வீட்டுக்காரருக்குப் போன் செய்வாள். அவரும் நாளை வரலாமா என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். வேலை முடிந்ததும் வெளிப்படியில் உட்கார்ந்து டீ குடிப்பார். கடையில் என்ன நடந்தது, எந்த ஏ.சி.க்குள் எலி குட்டி போட்டிருந்தது என்றெல்லாம் அவரே சொல்வாராம்.

ஒரு தடவை நானே கேட்டுவிட்டேன். "ஏன்டி, மறுபடி யோசிக்கக் கூடாதா?"

"யோசிச்சேன் அண்ணி. ஒரே வீட்ல இருந்தா அவரு மறுபடியும் 'ம்'முக்குப் போயிடுவாரு, நான் மறுபடியும் தனியாக் கத்திக்கிட்டு இருப்பேன். இப்ப ரெண்டு பேருமே நல்லவங்களா இருக்கோம். இதைப் போய்க் கெடுத்துக்கணுமா?"



போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதாக ஒரு வீடு பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். விற்கிறவர் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கூடத்தில் என் பக்கத்தில் நின்றார். உள்ளே சமையலறையிலிருந்து இரண்டு குரலும் மாறி மாறி வந்தன. ஜன்னல் போதும் என்கிறார் அவர். போதாது, புகை எங்கே போகும் என்கிறாள் இவள். ஃபேன் வைத்தால் போகும் என்கிறார். ஃபேனுக்கு ஓட்டை போட அந்தச் சுவர் தாங்குமா என்கிறாள். வெறும் வீடு, இரண்டு குரலும் சுவரில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தன.

விற்கிறவர் முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கம் குனிந்து, "வாங்க மாட்டாங்க போலிருக்கே?" என்றார்.

"வாங்குவாங்க" என்றேன். "இப்பத்தானே பேச ஆரம்பிச்சிருக்காங்க."